அறுபத்தொன்றாம் பக்கம்

திருத்தணி
3 மார்ச் 2023

அன்புள்ள பரிதி,

இங்கே நானும் ஜெயம்மாவும் இருக்கிறோம், நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நீயும் வீட்டாரும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று முறை போன் செய்தாயாம், ஜெயம்மா சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதி வலது காது போய்விட்டது, இடது காது பாதி. போனில் நீ சிரிக்கிறாயா இருமுகிறாயா என்றே எனக்குத் தெரிவதில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் அடித்துத் திருத்திய நாளிலிருந்து நமக்குக் காகிதம்தான் ஒத்துவந்திருக்கிறது. ஆகவே எழுது.

இத்துடன் வரும் கட்டு என் நாவல். பெயர் 'ஒன்பதாவது ஸ்டேஜ்'. 286 பக்கம். ஆர்.கே.பேட்டை போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், அவன் ஏற்றி இறக்கும் மனிதர்கள், அவ்வளவுதான் கதை. பஸ் நிலையத்தில் வண்டி நிற்கும் பத்து, பதினைந்து நிமிஷங்களில் எழுதி எழுதி ஆறு வருஷம் ஆயிற்று. எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சௌமியா டைப் அடித்துக் கொடுத்தாள். "சார், இதுல வர்ற டிரைவர் முனியன் எங்க பரந்தாமன் மாமாதானே?" என்று கேட்டாள். இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

ஒன்பது பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். நான்கு பேர் தங்கள் வெளியீட்டுத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று திருப்பினார்கள். நால்வர் கடிதத்திலும் அதே வரிதான், யாரைப் பார்த்து யார் எழுதினார்களோ. மற்ற ஐந்து பேர் பதிலே போடவில்லை. சிநேகிதன் பதிப்பகம் நடத்துகிறான் என்பதற்காக அவன் தலையில் கட்டக் கூடாது என்றுதான் உனக்கு இத்தனை நாள் அனுப்பவில்லை. அந்த ரோஷமும் இப்போது தேய்ந்துவிட்டது.

இது புதுப் பிரதி. ஜெயம்மா இதைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து என்னமோ செய்தாள், பிறகு சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். திருப்பி அனுப்ப உறையும் தபால்தலையும் உள்ளே இருக்கின்றன. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். முழுக்கப் படி. நன்றாக இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அன்புடன்
கோதண்டம்


சென்னை
20 ஏப்ரல் 2023

அன்பு நண்பன் கோதண்டத்துக்கு,

உன் காதைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். சென்னைக்கு வந்தால் நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

நாவலை ஒரு முறை அல்ல, இரண்டு முறை படித்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் மண்ணின் வாசனை. உன் மனிதர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள். டிரைவர் முனியன் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறுகிறானே, அந்த இடத்தை என்னால் மறக்க முடியாது.

ஆனால் நண்பன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நடுப்பகுதி தொய்கிறது. ஒரு முப்பது நாற்பது பக்கம் எடுத்துவிட்டால் நாவல் இறுகிவிடும். எந்தப் பக்கங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, எழுதியவனுக்கே தெரியும். திருத்தி அனுப்பு, பார்க்கலாம். பிரதியைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஜெயம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
இளம்பரிதி


திருத்தணி
2 ஜூன் 2023

அன்புள்ள பரிதி,

கடிதமும் கட்டும் வந்தன. கட்டைப் பிரிக்கவில்லை. திரும்பி வருவதை நான் பிரிப்பதில்லை, பரண்மேல் அதற்கென்று ஒரு மூலை இருக்கிறது. திருத்துவதற்கு சௌமியாவின் கம்ப்யூட்டரிலேயே நாவல் இருக்கிறது.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நடுவில் இருப்பது கெங்கம்மாள் பகுதி. உனக்கு நினைவிருக்கும், அம்மையார்குப்பத்தில் தினமும் ஏறி, வீடு வாசல் எதுவும் இல்லாமல் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் ஒன்பதாவது ஸ்டேஜில் இறங்குகிறவள். எங்கே போகிறாள் என்று கண்டக்டர் ஒரு நாளும் கேட்பதில்லை. கணக்காக முப்பத்து நான்கு பக்கம். அதைத்தான் எடுக்கச் சொல்கிறாய் என்று புரிந்துகொண்டேன்.

உண்மையைச் சொன்னால் நான் இந்த நாவலை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான். ஜெயம்மாவுக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டியிருக்கிறேன். எடுக்கப் போகிறேன் என்றதும், "இன்னாத்துக்கு எடுக்கறீங்க, அந்தப் பொம்பளதான அதுல நல்லா கீறா" என்றாள். ஆனால் இரண்டு முறை படித்த ஒருவன் சொல்லும்போது நான் பிடிவாதம் பிடிப்பது சரியில்லை. எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
கோதண்டம்


திருத்தணி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள பரிதி,

வேலை முடிந்தது. சௌமியா இன்று காலை உன் ஈமெயிலுக்கு அனுப்பிவிட்டாள்.

முப்பத்து நான்கு பக்கத்தை எடுக்க அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று. ஒருத்தியை எடுத்தால் மற்றவர்கள் பேச்சில் எல்லாம் அவள் இருக்கிறாள். ஒவ்வொரு வாயாகப் போய் அவளைத் துடைத்தேன். 240ஆம் பக்கத்தில் ஒரு நாள் அவள் வராமல் போக, கண்டக்டர் அவளுக்காக அம்மையார்குப்பத்தில் இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைப்பான், நினைவிருக்கிறதா? அதுவும் போயிற்று. இப்போது வண்டி எங்கும் நிற்பதில்லை, சரியான நேரத்துக்கு ஆர்.கே.பேட்டை போய்ச் சேருகிறது. நீ சொன்ன இறுக்கம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேரம் கிடைக்கும்போது படி, அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதுகிறேனே தவிர, தினமும் டூட்டி முடிந்து சௌமியா கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். உள்ளே இருந்தே அவள் தலையை ஆட்டி "இல்லை" என்பாள்.

அன்புடன்
கோதண்டம்


சென்னை
27 மே 2024

அன்புள்ள கோதண்டம்,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். புத்தகக் காட்சி, அலைச்சல், அம்மாவுக்கு உடம்பு என்று நாள்கள் ஓடிவிட்டன.

திருத்திய வடிவத்தையும் முழுக்கப் படித்தேன். உன் உழைப்பு தெரிகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. நடுவில் இன்னும் உயிர் வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இந்த வருஷம் நாவல்களே போடுவதாக இல்லை. உன்னைப் போன்றவர்கள் மனம் தளரக் கூடாது. தொடர்ந்து எழுது.

என்றும் உன்
இளம்பரிதி


திருத்தணி
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பரிதி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபம் காரணமல்ல. கோபம் வரும் என்று நானும் காத்திருந்தேன், வரவில்லை.

ஆடிக்கிருத்திகைக்கு ஸ்பெஷல் பஸ் டூட்டி போட்டார்கள். ஊரே காவடியும் மொட்டைத் தலையுமாக இருந்தது. மூன்று நாள் ஏற்றினேன், இறக்கினேன். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தில் நாலு முகமாவது மனசில் ஒட்டிக்கொண்டு வரும், வீட்டுக்கு வந்ததும் குறித்து வைப்பேன். இந்த முறை மூன்று நாளும் ஒரே ஒரு நீளமான ஆளை ஏற்றி இறக்கியதுபோல் இருந்தது.

எழுதுவதை விட்டுவிட்டேன். முடிவு எடுத்துவிட்டதாக நினைக்காதே. நோட்டைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் கிடைக்கும் பதினைந்து நிமிஷத்தில் டீ குடிக்கிறேன். டீ சீக்கிரம் முடிந்துவிடுகிறது, மீதி நேரத்தில் எதிரே உள்ள பேனரைப் படிக்கிறேன். வீட்டில் ஜெயம்மா இரண்டு தோசை வைத்தால் ஒன்றோடு எழுந்துவிடுகிறேன். "இன்னா, கோயில் யானை மாரி நின்னுகினே கீறீங்க" என்றாள் ஒரு நாள். என்ன செய்ய வந்தோம் என்று மறந்து அடுப்பங்கரை வாசலில் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

நீ இரண்டு வடிவத்தையும் படித்துச் சொல்லிவிட்டாய். அதற்குமேல் ஒரு சிநேகிதன் என்ன செய்ய முடியும். நாவல் நன்றாக இல்லை என்று எடுத்துக்கொண்டேன். உன் மேல் குறை இல்லை.

உன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

கோதண்டம்


திருத்தணி
14 அக்டோபர் 2024

பரிதி,

ஆயுத பூஜை அன்று நடந்ததை எழுதுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நடந்தபடியே சொல்கிறேன்.

டிப்போவில் வண்டிக்குப் பூஜை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருஷாவருஷம் என் நோட்டும் பேனாவும் சுவாமி முன்னால் இருக்கும். இந்த வருஷம் வைக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். "எழுத்துன்னு ஒண்ணு வெச்சாவணும்" என்று ஜெயம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்து உன்னிடமிருந்து வந்த கட்டை இறக்கினாள். தூசு தட்டுவதற்காக நான் கயிற்றைப் பிரித்தேன். ஏதோ ஞாபகத்தில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்ததும் விபூதி என் மடியில் கொட்டியது.

"ஜெயம்மா, இதுல நீ விபூதி வெச்சியா?"

"ஆங், வெச்சேன். மூணு எடத்துல. எது ஊட்ட உட்டுப் போனாலும் வெப்பேன், உங்களுக்குத் தெரியாதா? மொத பக்கம், அப்பறம் கைக்கு வந்த ரெண்டு எடம்."

தெரியும். வேலைக்கு நான் போட்ட விண்ணப்பத்திலிருந்து ரேஷன் கார்டு மனு வரைக்கும் மலைமேல் வாங்கிய விபூதி ஒரு சிட்டிகை வைக்காமல் இந்த வீட்டிலிருந்து ஒரு காகிதமும் போனதில்லை. இதற்கும் வைத்திருப்பாள் என்று எனக்குத்தான் தோன்றவில்லை. முதல் பக்கத்தில் விபூதி இல்லை, நீ திறந்தபோது கொட்டியிருக்கும். மீதிப் பக்கங்களையும் புரட்டினேன், இருநூற்றொன்றில் நின்றேன். அங்கேயும் அப்படியே இருந்தது, அவள் விரல் பட்ட தடம்கூடக் கலையாமல்.

ஜெயம்மாதான் முதலில் கேட்டாள். "அப்ப அவரு தொறக்கவே இல்லியா?"

மடியில் கிடந்ததை அவள் வழித்து எடுத்து, கொஞ்சம் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைத் துளசிச் செடியில் போட்டுவிட்டு வந்தாள்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. நிராகரிப்பு எனக்குப் பழக்கம்தான். ஆனால் இரண்டு முறை படித்தேன் என்று நீ எழுதியதை நம்பி எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு பெண்ணை அழித்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எத்தனையாவது பக்கத்தில் நிறுத்தினாய்?

கோதண்டம்


சென்னை
20 நவம்பர் 2024

கோதண்டம்,

முப்பத்தெட்டாவது பக்கத்தில்.

ஈமெயிலில் வந்ததைத் திறக்கவே இல்லை. உன் கடிதம் ஒரு மாதமாக மேசைமேல் இருக்கிறது. பொய் ஒன்று தயார் செய்து பார்த்தேன், ஆபீஸ் பையன் ஜெராக்ஸ் எடுத்தான், அதில் படித்தேன் என்று. எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

2021இல் என் நாவல் வந்தது உனக்குத் தெரியும். ஒரு பிரதி அனுப்பினேன், நீ ஏழு பக்கத்துக்குக் கடிதம் போட்டாய். எனக்கு வந்த ஒரே கடிதம் அது. மதிப்புரை கேட்டு நாற்பது பேருக்கு அனுப்பினேன். பிறகு ஒரு கூட்டத்தில், அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவரே என்னிடம் "அடுத்து எப்போது நாவல் எழுதப் போகிறீர்கள்" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சீக்கிரம் எழுதுவேன் என்றேன்.

அதிலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, காட்டிப் பார்த்துவிட்டேன். முப்பது நாற்பது பக்கம் போனதும் வரிகள் வெறும் வரிகளாக நிற்கின்றன. எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் எழுதுகிறேன். மண்ணின் வாசனை, உயிருள்ள மனிதர்கள், நடுவில் தொய்வு. எல்லா நாவலுக்கும் நடு என்று ஒன்று இருக்கிறது. யாரும் இதுவரை மறுத்து எழுதியதில்லை. எல்லோரும் நன்றி சொல்லித் திருத்துகிறார்கள்.

உனக்கும் அதையே எழுதினேன். உனக்கு எழுதும்போதாவது கை கூசியிருக்க வேண்டும், கூசவில்லை. இப்போது கூசுகிறது.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை. நீ விரும்பினால் அந்தப் பழைய கட்டை அனுப்பு. முடிப்பேன் என்று உறுதி சொல்ல மாட்டேன். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதுவேன்.

இளம்பரிதி


திருத்தணி
2 டிசம்பர் 2024

பரிதி,

அனுப்பியிருக்கிறேன். கெங்கம்மாள் உள்ளே இருக்கும் பழைய பிரதி.

அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை ஜெயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவரும் உங்கள மாரிதான் நின்னுகினு கீறாரு" என்றாள். பிறகு விபூதி எடுத்துவர உள்ளே போனாள். அதே மூன்று இடம். அவள் வைப்பதை இந்த முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நான் போட்ட ஏழு பக்கக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாய். அந்த நாவலை நான் முழுக்கப் படித்தேன், கடைசி வரி வரைக்கும். நீ நம்ப வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புகழ்ந்து எழுதாதே. அவசரப்பட்டும் படிக்காதே. விபூதி விழுந்தால் ஒரு கார்டு போடு, போதும்.

கோதண்டம்


தபால் அட்டை
சென்னை, 9 ஜனவரி 2025

61. சட்டையில் விழுந்தது. இதுவரை வர ஐந்து வாரம் ஆயிற்று.
பரிதி


தபால் அட்டை
சென்னை, 3 பிப்ரவரி 2025

201. இந்த முறை கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.
பரிதி


சென்னை
23 பிப்ரவரி 2025

அன்புள்ள கோதண்டம்,

முடித்தேன். 286 பக்கம்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். நாவல் நன்றாக இல்லை. என்னிடம் அச்சடிக்க வசதி இருந்தாலும் இப்போது இருக்கும் வடிவில் போட மாட்டேன். முதல் நூறு பக்கத்தில் நீ நாவல் எழுதுகிறோம் என்ற நினைப்போடு எழுதியிருக்கிறாய். யார் பஸ்ஸில் ஏறினாலும் அவர்கள் கதையை முழுக்கச் சொல்லித்தான் இறக்குகிறாய். நான் புகழ்ந்த முனியன் வெறும் பொம்மை. எதற்கெடுத்தாலும் தத்துவம் பேசுகிறான், எந்த டிரைவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கெங்கம்மாள் வரும் முப்பத்து நான்கு பக்கத்தில் மட்டும் நீ ஒன்றுமே சொல்வதில்லை. அங்கே எனக்கு வரிகள் வரிகளாக நிற்கவில்லை. அதை ஒரே மூச்சில் படித்தேன், மூன்றரை வருஷத்தில் முதல் முறை. அதைத்தான் என் கடிதம் வெட்ட வைத்தது. இதற்குமேல் அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனால் 240ஆம் பக்கத்தில் அவளையும் கெடுத்துவிட்டாய். பெயர்கூடக் கேட்காத ஒருத்திக்காக ஒரு கண்டக்டர், நிறைந்த வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பானா? நம்ப முடியவில்லை. அவனை நல்லவனாகக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறாய்.

பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன.

உன்
பரிதி


திருத்தணி
6 மார்ச் 2025

அன்புள்ள பரிதி,

கட்டு நேற்று வந்தது. பரண்மேல் போடவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே பிரித்தேன்.

"இன்னா சொல்றாரு உங்க சிநேகிதரு?" என்றாள் ஜெயம்மா.

"முழுசா படிச்சிட்டான்."

"நல்லா கீதாமா?"

"இல்லியாம்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டாவது தோசையை வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே உன் பென்சில் குறிப்புகளைப் பார்த்தேன். 17, 44, 92 மூன்றிலும் நீ சொல்வது சரி. முனியனைப் பற்றிச் சொன்னதும் சரி. பரந்தாமன் என்னோடு பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டுகிறார், இதுவரை "ரைட்டு" என்பதற்குமேல் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அவரைத்தான் நான் அப்படிப் பேச வைத்திருக்கிறேன். உன்னையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு இந்த நாவலை அனுப்பினேன். படித்துவிட்டுத் திருப்பியவன் நீதான்.

ஆனால் 240ஆம் பக்கத்தில் நீ சொன்னது தப்பு. அவன் நல்லவன் என்பதற்காக வண்டியை நிறுத்தவில்லை. விசிலை வாயில் வைத்தான், ஊத வரவில்லை. உள்ளே ஜனங்கள் கத்தினார்கள், பரந்தாமன் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு நிமிஷமும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அவள் யார், என்ன ஆனாள் என்று இந்த நாள் வரைக்கும் யாரையும் கேட்கவில்லை. கெங்கம்மாள் என்ற பெயரே நான் வைத்ததுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன். நடுவில் இருக்கும் முப்பத்து நான்கையும் அதையும் மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். மற்றதை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். 240ஐ ஒரு ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

மறுபடியும் படி.

கோதண்டம்